குங்கிலியக் கன்னுக்கு நுனி போன கதை

அந்த ஜன்னலச் சாத்திரு கண்ணு, சாரல் அடிக்குது. சாத்திட்டியா? அப்படியே காதுல மாட்டியிருக்கிறதையும் கழட்டிரு. நாப்பது கொண்டை ஊசி எறங்கணும். பாட்டுக் கேட்டுக்கிட்டே எறங்கினா தலை சுத்தும், பேச்சுக் கேட்டா சுத்தாது. பயப்படாத, நான் ரொம்பப் பேசுற ஆள் இல்ல.

பொள்ளாச்சிக்கா போறே? நான் அடிவாரத்துல ஆழியாறுலயே எறங்கிருவேன். அங்க பஸ் நின்னதும் மாங்காயும் வெள்ளரிக்காயும் கீறி, மொளகாப்பொடி தூவி ஜன்னல் ஜன்னலா நீட்டுவாங்க பாரு, அதுல ஒருத்தி பேரு ரெஜினா. வத்தலா, நெட்டையா, கண்ணாடி மூக்கு நுனியில தொங்கிட்டு இருக்கும். அவளப் பாக்கத்தான் போறேன். அவள மன்னிச்சு, கையோட மேல கூட்டிட்டு வரப் போறேன். இன்னைக்கு வியாழன். சனிக்கிழமைக்குள்ள அவ மேல வந்தாகணும். சனிக்கிழமை நடவு.

நெல்லு நடவு இல்ல தாயி. மரம். சும்மா மரமும் இல்ல, குங்கிலியம். நெருப்புல போட்டா சாம்பிராணி மாதிரி பொகையும்ல, அந்தப் பிசினு வர்ற மரம். பிசினுக்கு ஆசப்பட்டு அடிமரத்தக் கொத்தி, தீய வச்சு, எங்க பக்கத்துக் காட்டுல இருந்ததெல்லாம் ஒண்ணொண்ணாப் பட்டுப்போச்சு. தேயிலைக்கு நடுவுல துண்டு துண்டாக் காடு நிக்குதுல்ல, அந்தத் துண்டுகளுக்குத் திரும்ப மரம் குடுக்கிறதுக்குன்னே ஒரு நர்சரி இருக்கு. நான் அங்கதான் வேலை. பேரு குருவம்மா. வால்பாறையில எறங்கி யார்கிட்ட வேணா கேளு, குருவம்மா எப்படின்னு. வேணாம், கேக்காத. பொறாமக்காரங்க அதிகம்.

அதுக்கு முன்னாடி முப்பத்திநாலு வருஷம் கொழுந்து பறிச்சவ. கணக்குப் புள்ள தராசத் தூக்கும்போதே என் மூட்டைக்கு ஒரு தனி மரியாத இருக்கும். ரெண்டு எலை ஒரு மொட்டு, ரெண்டு எலை ஒரு மொட்டு. கண்ணால பாக்கவே மாட்டேன். வாய் பாட்டுக்கு ஊர்க் கதை பேசும், கை பாட்டுக்குக் கிள்ளும், கை நெறஞ்சதும் தோளுக்குப் பின்னாடி கூடையில விழும். பக்கத்து நெரையில ரெஜினா வருவா. அவளுக்குக் கை ஓடாது. பாவம், கண்ணுப் பார்வை அப்பவே கம்மி. ஒவ்வொரு கொழுந்தா நின்னு பேர் ஊர் விசாரிச்சுட்டுப் பறிப்பா. அவ எடைக்கு ஆகலேன்னா சூப்பர்வைசர் கத்துவான். அதனால அப்பப்ப நாலு கையள்ளி அவ கூடையில போட்டுருவேன். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லல. இருபது வருஷம் போட்டேன், அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆனதும் எஸ்டேட் லைன் வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வீட்டுக்காரரு அதுக்கு முந்தின வருஷமே போய்ச் சேந்துட்டாரு. மகன் திருப்பூர்ல ஒத்த ரூம்ல நாலு பேரோட கெடக்கான். அப்பத்தான் ரெஜினா வந்து, "அக்கா, நர்சரியில நான் சேந்திருக்கேன். இன்னொரு ஆள் வேணுமாம். பின்னாடி தங்க ஒரு ரூமும் தர்றாங்க"ன்னா. அந்த ரூம்தான் இப்ப எனக்கு வீடு. அவளுக்கு அந்தக் கவல இல்ல, வேல போனாலும் எறங்கிப் போக ஆழியாறுல மக வீடு இருக்கு.

நர்சரிக்கு மேல அதிகாரி ஒரு பொண்ணு. மீனலோசனின்னு பேரு, தஞ்சாவூர்ப் பக்கம். நாங்க லோசனி மேடம்னு கூப்பிடுவோம். என் மகன விடச் சின்ன வயசு. மரத்தப் பாத்ததும் வாய்க்குள்ள நொழையாத பேரச் சொல்லும். அட்டக்கடிக்கு மட்டும் அலறும். நல்ல புள்ள.

இந்தக் குங்கிலியம் இருக்கே, அது லேசுல மொளைக்காது. கொட்டை கல்லு மாதிரி. எங்க பக்கத்துல மிச்சம் நிக்கிற ஒரே பெரிய மரத்துக்கடியில ரெஜினாதான் போய்ப் பொறுக்கிட்டு வந்தா. இருவாச்சிப் பறவ தின்னுட்டுத் துப்பினதெல்லாம் அட்டைக்கு நடுவுல மண்டி போட்டுத் தேடி, நானூறு கொட்டை. மணல்ல பொதைச்சு, ஈரச் சாக்கப் போட்டு மூடி, தெனம் காலையில சாக்கத் தூக்கிப் பாப்பா. ஆறு மாசம் ஒண்ணும் வரல. "தூக்கிக் கொட்டுடி"ன்னேன். கேக்கல. அப்புறம் ஒண்ணு வந்துச்சு. ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு பத்தாகி, கடைசியில அறுவத்திரெண்டு. நானூறுக்கு அறுவத்திரெண்டு! மேடம் குதிச்சுச்சு பாரு. ரெஜினா அழுதுட்டா. நானும் கொஞ்சம் அழுதேன், யாரும் பாக்கல.

அறுவத்திரெண்டையும் கவர்ல மாத்தி, நிழல்வலைக்கடியில ரெண்டு நெரையா வச்சு வளத்தோம். மூணு வருஷம். இளந்தளிர் விடும்போது பாக்கணும் நீ. செக்கச் செவேல்னு, புதுப் பொண்ணு கட்டின கூறப்பட்டு மாதிரி. பாத்தாக் கை பரபரங்கும்.

போன கார்த்திகையில ஆரம்பிச்சுச்சு வென. ஒருநாள் காலையில போய்ப் பாத்தா நாலு கன்னுக்கு நுனி இல்ல. உச்சித் தளிர் போயிருச்சு. உனக்குத் தெரியாது, தேயிலைக்கு நுனி கிள்ளினா நல்லது, பக்கத்துல பக்கத்துல வெடிச்சு மேசை மாதிரி படரும். காட்டு மரத்துக்கு அது ஆகாது. அது நேரா மேல போய் வெளிச்சத்தப் புடிக்கணும். நுனி போனா பொதராட்டம் நின்னுரும், சுத்தி இருக்கிற கொடி ஏறி அமுக்கிரும். மேடத்துக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

முதல்ல வெட்டுக்கிளின்னு நெனச்சேன். வேப்பெண்ணெ கரைச்சு அடிச்சேன். மறுவாரம் மூணு போச்சு. நத்தைன்னு நெனச்சேன், சாம்பலக் கொட்டினேன். அஞ்சு போச்சு. கருமந்திதான்னு முடிவு பண்ணி ஒரு வாரம் தகர டப்பாவத் தட்டிட்டே உக்காந்திருந்தேன். அந்த வாரம் ஒண்ணும் போகல. டப்பா கையில இருந்த வரைக்கும் ஒரு நுனி போகல! "பாத்தீங்களா, குருவம்மா நின்னா கொரங்கு வருமா?"ன்னு மேடத்துகிட்டச் சொன்னேன். டப்பாவக் கீழ வச்சேன், மறுநாள் ஆறு போச்சு.

அப்புறம்தான் கவனிச்சேன். நர்சரியப் பாக்க ஆளுங்க வந்துட்டுப் போற அன்னைக்குத்தான் நுனி போகுது. காலேஜ் புள்ளைங்க வருவாங்க, ஆபீசருங்க வருவாங்க. மேடத்துக்கு இங்கிலீசும் பேரும்தான் வரும். கதையாச் சொல்றதுக்கு நான்தான். எந்த மரத்த எந்தப் பறவ தின்னும், எந்தக் கொட்டை புனுகுப்பூனை வயித்துல போய் வந்தா மொளைக்கும், எல்லாம் நெரைக்கு நடுவுல நடந்துக்கிட்டே சொல்லுவேன். வாயப் பொளந்துட்டுக் கேப்பாங்க. அவங்க போனதும் பாத்தா நுனி இருக்காது. அப்ப என்ன அர்த்தம்?

என்ன கண்ணு அப்படிப் பாக்குறே? கண்ணேறுதான்! வேற என்ன? அம்புட்டுப் பேரு "ஆகா எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு"ன்னா பச்சப்புள்ளைக்கே காய்ச்சல் வரும், செடி எம்மாத்திரம். மொளகாயும் எலுமிச்சையும் கட்டினேன். பூசணிக்காய்ல மூஞ்சி வரஞ்சு நிழல்வலைக் கம்புல தொங்கவிட்டேன். மேடம் அதுக்கு மொறச்சுச்சு. முள்ளம்பன்னி ஒண்ணு வந்து மூஞ்சியோட சேத்துத் தின்னுட்டுப் போயிருச்சு. அதுக்குத் திருஷ்டி பட்டுச்சா படலியா தெரியல.

இதுல இந்த ரெஜினா நடந்துக்கிட்டத இப்பச் சொல்றேன், கேளு. ஆளுங்க வந்தாப் போதும், எங்கிருந்தோ ஓடி வந்து என் கையில எதையாவது திணிப்பா. "அக்கா இந்தக் கொடையக் கொஞ்சம் புடிங்க." "அக்கா இந்தப் பூவாளியப் புடிங்க." "அக்கா இந்த மண்வெட்டி." ஒரு ஆபீசர் முன்னாடி ரெண்டு கையிலயும் ரெண்டு வாளியத் தூக்கிட்டு நின்னு வெளக்கம் சொன்னேன்னா பாத்துக்கோ. முப்பத்திநாலு வருஷம் நெரையில முதல் ஆளா நடந்தவள எடுபிடி ஆக்கிட்டா. வாங்கி வாங்கிக் கீழ வச்சுருவேன். கை வீசாம எனக்குப் பேச்சு வராது.

அதோட விட்டாளா? நான் முன்னாடி ஆளுங்களக் கூட்டிட்டுப் போனா, பின்னாடியே வெளக்குமாத்தத் தூக்கிட்டு வருவா. சரக், சரக்குன்னு கூட்டிக்கிட்டே. நான் இருவாச்சி பொந்துக்குள்ள எப்படிக் குடும்பம் நடத்துதுன்னு சொல்லிட்டு வர்றேன், நல்ல கட்டம், பின்னாடி சரக் சரக். அவ சுத்தக்காரியாம், வந்தவங்களுக்குக் காட்டுறாளாம். எனக்கு எரியுமா எரியாதா, நீயே சொல்லு.

சித்திரை மாசம் கணக்குப் பாத்தா அறுவத்திரெண்டுல இருவத்தொம்போதுக்கு நுனி இல்ல. அன்னைக்கு மேடம், நான், ரெஜினா மூணு பேரும் நெரையில நிக்கிறோம். ரெஜினா ஒரு கன்னக் கையில எடுத்தா. கண்ணாடிய மேல தள்ளிட்டுக் காம்ப உத்துப் பாத்தா.

"இது பூச்சி கடிச்சதும் இல்ல, மந்தி ஒடிச்சதும் இல்ல மேடம். நகத்துல கிள்ளினது"ன்னா.

"உனக்கு எப்படிடி தெரியும்?"ன்னேன்.

"தெரியும்க்கா."

"கிள்ளினவளுக்குத்தான் தெரியும்!"

ஆமா, சொல்லிட்டேன். வாய்ல வந்துருச்சு. வந்ததோட நிக்காம, அவளுக்கு என் மேல பொறாமைன்னேன், நான் பேசுனா நாலு பேரு கேக்குறாங்கன்னு வயித்தெரிச்சல்னேன். பின்னாடி பின்னாடி வர்றதே அதுக்குத்தான்னேன். இருபது வருஷம் கூடையில கொழுந்து போட்டேனே அதுக்கு நீ செய்யிற கைம்மாறான்னும் கேட்டேன். அதக் கேட்டிருக்க வேணாம்.

மேடத்துக்கு அன்னைக்குத்தான் கோவம் வந்து பாத்தேன். "யாரா இருந்தாலும் சரி. எந்தக் கை இதச் செஞ்சுச்சோ அந்தக் கை இனி இந்த நர்சரிக்குள்ள இருக்கக் கூடாது"ன்னாங்க.

ரெஜினா வாயத் தொறந்தா. என்னப் பாத்தா. அப்புறம் பின்னாடி இருக்கிற என் ரூம் கதவப் பாத்தா. வாய மூடிட்டா. "நான் போயிக்கிறேன் மேடம்"ன்னா. செஞ்சேன்னும் சொல்லல, செய்யலைன்னும் சொல்லல. போறப்ப மேடத்துகிட்ட என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா? "யாராச்சும் வந்தா அக்கா கையில கொடையக் குடுத்துருங்க மேடம்." போகும்போதும் என்ன எடுபிடி ஆக்கிட்டுப் போறான்னு கொதிச்சுப் போச்சு எனக்கு.

எத்தனாவது வளைவு இது? பதினாறா? கீழ இருந்து எண்ணுறதுதான், இன்னும் நேரம் இருக்கு.

அவ போன பின்னாடி நிம்மதியா இருந்துச்சான்னு கேட்டா, இல்ல. காலையில அந்தச் சாக்கத் தூக்கிப் பாக்க ஆளில்ல. டீ ரெண்டு டம்ளர் ஊத்திட்டு ஒண்ணக் கீழ கொட்டுவேன். ஆனாலும் திருடியப் புடிச்சோம்ல, அந்தத் தெம்பு இருந்துச்சு. அந்தத் தெம்பு பத்து நாள்தான். பதினோராம் நாள் ஒரு பெரிய ஆபீசர் வந்தாரு. அவருக்கு நான் சொன்ன கதையில அவரு மதியச் சோத்தையே மறந்துட்டாரு. அவரு ஜீப்பு அந்தாண்ட போகுது, மேடம் நெரையில குனிஞ்சு பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. ரெண்டு நுனி போயிருக்கு. புத்தம் புதுசா.

அதுல ஒரு விசேஷம். இந்தத் தடவ நுனி ரெண்டும் தரையிலயே கெடந்துச்சு. இதுவரைக்கும் ஒருநாளும் தரையில கெடந்ததே இல்ல. அதனாலதானே ஏதோ தின்னுருச்சு தின்னுருச்சுன்னு அலைஞ்சோம்.

மறுநாள் மேடம் கேமராவ எடுத்துட்டு வந்து கம்புல கட்டுனாங்க. சிறுத்தைக்கு, செந்நாய்க்குன்னு காட்டுல மரத்துல கட்டுவாங்களே, ஆள் அசைஞ்சாத் தானாப் படம் புடிக்குமே, அது. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு காலேஜ் கும்பல் வந்துட்டுப் போச்சு. சாயங்காலம் மேடம் என்னக் கூப்பிட்டு லேப்டாப்ப என் பக்கம் திருப்புனாங்க. நானும் டீயோட போய் உக்காந்தேன், திருடனப் பாக்கலாம்னு.

முதல்ல ஒரு கீரி வந்துச்சு. அப்புறம் ஒரு காட்டுக்கோழி. அப்புறம் நான் வர்றேன். பின்னாடி காலேஜ் புள்ளைங்க. நான் நல்லாத்தான் இருந்தேன், அந்தப் பச்சச் சேலையில. வாய் போகுது, தலை ஆடுது. "வடக்க பாருங்க"ன்னு எடது கைய நீட்டுறேன். அந்த வலது கை இருக்கே கண்ணு, இந்தா, இந்தக் கைதான். அது எனக்குத் தெரியாமக் கீழ எறங்குது. கன்னு மேல போகுது. டக். ரெண்டு எலை ஒரு மொட்டு. நான் திரும்பிக்கூடப் பாக்கல! நாலு எட்டு நடக்கிறேன், டக். பேசிட்டே போறேன், டக். கை நெறஞ்சுதோ நெறையலையோ, தூக்கி ஒரு வீசு.

டீ டம்ளரக் கீழ வச்சுட்டேன். கீழ வச்சா அந்தக் கை என் சேலை முந்தானையக் கிள்ளிட்டு இருக்கு. மேடமும் பாத்துச்சு, நானும் பாத்தேன்.

"நான் செய்யல மேடம்"ன்னேன். "கைதான் செஞ்சுச்சு. நான் பேசிட்டுத்தானே இருந்தேன், நீங்களே பாத்தீங்கல்ல?"ன்னேன். அது நெசம்தானே? முப்பத்திநாலு வருஷம் எஸ்டேட்டு அதப் பழக்கி வச்சிருக்கு. நான் ரிட்டயர் ஆனேன், கை ஆகல. அதுக்கு நான் பொறுப்பா?

அய்யய்யோ! உன் துப்பட்டா! எத்தன குஞ்சம் போச்சு? மூணா? நாலா? ஏங் கண்ணு சொல்லல நீ? பாத்தியா, இதத்தான் சொல்றேன், இதேதான். நீ இந்தக் கையப் புடிச்சுக்கோ. ம், இறுக்கிப் புடி. பேச்சு முடியிற வரைக்கும் விடாத.

எங்க விட்டேன்? ஆங். மேடம் அந்தப் படத்த மறுபடியும் மறுபடியும் ஓட்டிட்டே இருந்தாங்க. நான் எந்தச் சாமான எதுல கட்டுறதுன்னு கணக்குப் போட்டுட்டு உக்காந்திருக்கேன், ரூமக் காலி பண்ணச் சொல்லப் போறாங்கன்னு. அவங்க வேற ஒண்ணக் கேட்டாங்க. "கூடை முதுகுலதானே இருக்கும் குருவம்மா? நீங்க ஏன் பின்னாடி வீசாம வலது பக்கமா வீசுறீங்க?"

நானும் பாத்தேன். ஆமா. ஒவ்வொரு தடவையும் வலது பக்கம்தான் வீசுது. என் முதுகுக்குப் பின்னாடி ஒண்ணுகூடப் போடல.

எனக்கு வலது பக்கத்து நெரையிலதான் ரெஜினா வருவா.

கொஞ்சம் பொறு கண்ணு. இந்தத் தண்ணி பாட்டிலக் குடு. இல்ல, கைய விடாத, எடது கையில குடு.

மேடம் சொன்னாங்க, "இதுவரைக்கும் நுனி தரையில கெடக்காததுக்குக் காரணம் ரெஜினா பின்னாடியே கூட்டிட்டு வந்ததுதான்"னு. கொடையக் குடுத்தது, வாளியக் குடுத்தது எல்லாம் எதுக்குன்னு அவங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கே வெளங்கிப்போச்சு. அவளுக்கு மொத நாளே தெரிஞ்சிருக்கு. அவ மொளைக்க வச்ச கன்னு, நானூறு கொட்டையில பொழச்ச கன்னு, அதுல நான் ஒண்ணொண்ணாக் கிள்ளக் கிள்ள அவ கூட்டி அள்ளிக் குப்பைக்குள்ள மறைச்சிருக்கா. எனக்கு ரூம் போயிரக் கூடாதுன்னு. நான் அவள நாலு பேரு முன்னாடி... நாலு பேரில்ல, மேடம் ஒருத்திதான். ஒருத்தி முன்னாடி சொன்னாலும் சொன்னதுதானே.

ஆனா அவ மேலயும் தப்பு இருக்கு. நான் அதச் சொல்லாம விடமாட்டேன். தெரிஞ்சவ என்கிட்ட நேரா, "அக்கா, நீதான் கிள்ளுற"ன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா நான்... நான் நம்பியிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். சரி, விடு. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

மேடம் என்ன வெளிய போன்னு சொல்லல. அதவிட மோசமா ஒண்ணு சொல்லிட்டாங்க. "இருவத்தெட்டு கன்னு முழுசா இருக்கு. மழை புடிச்சிருச்சு, அடுத்த வாரம் சனிக்கிழமை நடுறோம். மொளைக்க வச்சவ இல்லாம நான் அதுல ஒண்ணயும் நட மாட்டேன். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. நீங்க நர்சரியில இருக்கிறதா வேணாமான்னு ரெஜினா சொல்லட்டும்"னாங்க. இந்த மழைய விட்டா அடுத்த வருஷம்தான். கன்னு கவருக்குள்ள வேர் சுத்தி நிக்குது, அடுத்த வருஷம் வரைக்கும் தாங்காது.

நுனி போன மிச்சமா? அதுக்கு வழி இருக்கு. பக்கத்துல நாலஞ்சு தளிர் வெடிக்குதுல்ல, அதுல நல்லா நேராப் போறத ஒண்ண விட்டுட்டு மத்ததக் கிள்ளிரணும். அந்த ஒண்ணே மரமாயிரும். ஆனா வாரா வாரம் அலுக்காமக் கிள்ளணும், காம்பு நசுங்காமக் கிள்ளணும். ரெஜினாவுக்கு எத விடணும்னு தெரியும், விரல் வராது. எனக்கு விரல் வரும். அவ எதக் கிள்ளணும்னு காட்டினா நான் கிள்ளுவேன். காட்ட அவ வேணும்.

ஒம்போதாவது வளைவு வந்துருச்சா? வரையாடு நிக்குதா? நீ பாரு, எனக்குப் பாக்க மனசில்ல.

மேடம் சொல்லி ஒரு வாரம் ஆச்சு, தெரியுமா? தெனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றது, டீயக் குடிக்கிறது, திரும்பிர்றது. இன்னைக்குத்தான் மேடம் டிக்கெட்டயே எடுத்துக் குடுத்து ஏத்திவிட்டாங்க. என்ன பேசணும்னு ஒரு வாரமா ஒத்திக பாத்துட்டு இருக்கேன். சொல்றேன், எப்படி இருக்குன்னு சொல்லு. "ரெஜினா, நடந்தது நடந்துபோச்சு, நான் உன்ன மன்னிச்சிட்டேன், கெளம்பு."

என்ன, மூஞ்சியச் சுளிக்கிற? சரியில்லியா? சரி, இதக் கேளு. "ரெஜினா, நம்ம ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு." அதுவும் இல்லியா? நீ சின்னப் பொண்ணு, உனக்கு என்ன தெரியும். அப்ப நீயே சொல்லு, என்னதான் சொல்லணும்?

அவ்வளவுதானா? அந்த ரெண்டே வார்த்தையா? அதுக்கா ஒரு வாரம்?

தப்பு... இரு. தப்பு... ச்சே. வாய்தான் எனக்கு இருக்கிற ஒரே சொத்து, அது இப்பப் போய்க் காலை வாரி விடுது பாரு.

செக்போஸ்ட் வந்துருச்சு. ஆமா, இதான் ஆழியாறு. அந்தப் பையக் கீழ எடு கண்ணு.

அதோ நிக்கிறா. அந்த நீலச் சேலை. தட்டத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு... பாரு, கண்ணாடி மூக்குல தொங்குது. எளச்சுப் போயிட்டாளே. பஸ்ஸப் பாக்குறா. என்னப் பாத்துட்டாளா? பாத்துட்டா. தட்டக் கீழ எறக்கிட்டா. வரல, அங்கயே நிக்கிறா.

கண்ணு, இங்க பஸ்ஸு பத்து நிமிஷம் நிக்கும். நீ என்கூட எறங்கு. மாங்கா வாங்கித் தர்றேன். நீதான் முழுக் கதையும் கேட்டுட்டியே, நீயே சொல்லிரு அவகிட்ட. எனக்குப் பேச வரல, நெசமாவே வரல. சுருக்கமாச் சொன்னாப் போதும். சனிக்கிழமை நடவுன்னு சொல்லு. இருவத்தெட்டு கன்னும் அவளுக்காக நிக்குதுன்னு சொல்லு. கைதான் தப்புப் பண்ணுச்சுன்னு...

இல்ல. வேணாம். கைன்னு சொல்லாத. குருவம்மா தப்புப் பண்ணிட்டான்னே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்.